பதினாறு பூஜ்யங்கள்

ரவிச்சந்திரன் கண்ணாடிக் குவளையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் அடியில் இரண்டு தட்டுத் தட்டினான். ஒரு சொட்டும் விழவில்லை.

"பாத்துக்குங்கண்ணே. இதான் நம்ம அளவு."

அவன் பேசியபோது எழுந்த வாடை மேசையைத் தாண்டி, யோகேந்திரன் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி வரைக்கும் வந்தது. காலை பத்து மணி. செண்டாயான் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றிப்போய் இறக்கிவிட்டு விடியும் நேரத்தில் வீடு திரும்பியவன் அவன். கண்கள் சிவந்திருந்ததற்குத் தூக்கமின்மையைக் காரணம் சொல்லலாம். அந்த வாடைக்கு அப்படி எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

"பைப்புத் தண்ணிதான் ரவி. சாதாரணமா எந்த மட்டத்துக்கு ஊத்துவியோ அந்த மட்டத்துக்கு ஊத்திக் காட்டு. நான் அளந்துக்கிட்டுப் போயிருவேன்."

"ஊத்துனாத்தானேண்ணே மட்டம்."

அவனுடைய தலைக்கு மேலே, சுவரில் அறைந்த பலகையில் முனீஸ்வரர் படம் இருந்தது. படத்தின் முன்னால் ஒரு சுருட்டு, ஓர் எலுமிச்சம்பழம், ஒட்டுத்தாள் ஏதுமில்லாத ஒரு போத்தல். போத்தலில் கால்வாசி மீதமிருந்தது. யோகேந்திரனின் பார்வை போன இடத்தை ரவிச்சந்திரனும் திரும்பிப் பார்த்தான்.

"அது சாமியோடது லா."

"சாமி வாரத்துக்கு எவ்வளவு குடிக்கும்?"

சமையலறையிலிருந்து ரவியின் மனைவி விமலாவின் சிரிப்புக் கேட்டது. "சாமி மோந்துதாண்ணே பாக்கும். குடிக்கிறது எல்லாம் சாமியோட லாரி டிரைவரு," என்றாள். யோகேந்திரனும் சிரித்துவிட்டான். ஆனால் விமலா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, மறந்துபோன எதையோ நடுவழியில் நினைத்துக்கொண்டவள்போல அவள் முகம் மாறியிருந்தது. "சும்மா வெளயாட்டுக்குச் சொன்னேண்ணே. இந்த வீட்டுல யாரும் தொடுறதில்ல. ஜீரோ போட்டுக்குங்க," என்றாள். கணவன் தலையாட்டினான். படிவத்தில் கடவுளுக்கென்று ஒரு கட்டம் இல்லாததால் யோகேந்திரனும் ஜீரோ போட்டுக்கொண்டான். அது பதினாறாவது ஜீரோ.

ஒரு நாட்டு மக்கள் ஆண்டுக்கு எவ்வளவு மது அருந்துகிறார்கள் என்று கேட்டால் அரசாங்க ஏடுகள் உடனே ஒரு கணக்குச் சொல்லிவிடும். வரி கட்டிக் கடையில் அடுக்கப்பட்ட போத்தல்களின் கணக்கு அது. வீட்டுக்குப் பின்னால் காய்ச்சியதும், படகில் வந்து இறங்கியதும், பெயரில்லாத போத்தலில் கை மாறியதும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஏட்டில் ஏறாததை அளப்பது எப்படி என்பதுதான் யோகேந்திரன் பணிபுரிந்த நீலாய்ப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் கல்யாணசுந்தரி நடத்திய ஆய்வு. சில தோட்டங்கள், சில மலாய்க் கிராமக் கம்போங்குகள், சில அடுக்குமாடிகள் என்று தேர்ந்தெடுத்து, அங்கெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு, கிடைக்கும் எண்ணை நாட்டளவுக்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும். வாய் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும், கைக்கு அவ்வளவு எளிதில் பொய் சொல்ல வராது என்பது டாக்டரின் கருத்து. அதனால் குடிப்பவரின் சொந்தக் குவளையையே எடுத்துவரச் சொல்லி, அவர் கையாலேயே தண்ணீரை ஊற்றச் சொல்லி, அந்தத் தண்ணீரை அளவுக் குடுவையில் கவிழ்த்து மில்லிலிட்டர் பார்க்கும் முறையை அவர் வகுத்திருந்தார்.

புக்கிட் பெலண்டோக்கிலிருந்து உள்ளே போகும் இந்தத் தோட்டத்துக்கு யோகேந்திரனை அனுப்பியதும் அவருடைய யோசனைதான். "நீங்க தோட்டத்துல பொறந்து வளந்தவரு. ஒங்ககிட்டதான் அவங்க மனசு விட்டுச் சொல்லுவாங்க," என்றார். நாற்பத்து நான்கு வயதில், பதினெட்டு ஆண்டுகள் அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டியபின், தன் பிறப்பை ஒருவர் தகுதியாக எண்ணிச் சொன்னது அவனுக்குப் பெருமையாக இருந்தது. எந்தத் தோட்டம் என்று அவர் கேட்கவில்லை. ரப்பர் இருந்த காலத்துத் தோட்டம் ஏதோ ஒன்று என்று எண்ணிக்கொண்டார் போலும். இந்தத் தோட்டமேதான் என்று அவனும் சொல்லவில்லை. இந்த ஆய்வில் சேருமுன் நிரப்பிய உறுதிமொழித் தாளில் ஒரு கேள்வி இருந்தது. ஆய்வு நடக்கும் இடத்தில் உறவினர் எவரேனும் வசிக்கிறார்களா? யோகேந்திரன் பேனாவைப் பிடித்தபடி சற்று நேரம் யோசித்தான். பிறகு, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில், மூன்றாவது லயத்தின் கடைசி வீட்டில் அவனுடைய அக்கா புஷ்பவள்ளி இருந்தாள்.

அப்பா இறந்தபோது அவனுக்குப் பதினொரு வயது, அக்காவுக்கு இருபத்தைந்து. பகலில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கப் போவாள். சாயங்காலத்தில் வீட்டின் பின்புறம் அடுப்பு எரியும். அந்த அடுப்பில் வெந்தது சம்சு என்னும் கள்ளச் சாராயம் என்பதும், பின்வாசலில் வந்து நிற்கும் ஆண்கள் எதற்காக வருகிறார்கள் என்பதும் தெரிந்தேதான் அவன் முன்னறையில் பாடம் படித்தான். அவன் பல்கலைக்கழகம் போனதும் அந்த அடுப்பால்தான். திருமணம் நிச்சயமானபோது, "பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால ஒனக்கு இந்தப் பேரு வேணாம்பா. நிறுத்திட்டேன்," என்று அக்காவே சொன்னாள். அவன் மனைவி லோகேஸ்வரிக்கு இன்றுவரை புஷ்பவள்ளி தையல் தைத்துப் பிழைப்பவள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் வந்தால், பின்கட்டு அறை பூட்டியிருக்கும். பழைய சாமான் என்பாள் அக்கா. வீட்டில் புளிப்பும் இனிப்புமாக ஏதோ வாடை வீசும். தோசைக்கு மாவு புளிக்கிறது என்று யோகேந்திரன் மனத்துக்குள் சொல்லிக்கொள்வான். பதினைந்து ஆண்டுகளாக அந்த வீட்டில் அவனுக்கு யாரும் தோசை சுட்டுத் தந்ததில்லை.

ஆய்வுக்குத் தேர்வான பதினெட்டு வீடுகளின் பட்டியலைக் கணினிதான் குலுக்கி எடுத்தது. பதினெட்டாவதாக அக்காவின் வீட்டு எண் இருந்தது. முதல் நாள் காலையிலேயே, காரை விட்டு இறங்குமுன், அந்த வீட்டுப் படிவத்தில் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டான். வேலை முடியும்வரை வீட்டுப் பக்கம் வரக்கூடாது, அது சட்டம் என்று அக்காவிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தான். "சரிப்பா, ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது," என்றாள் அவள். மூன்று நாளாகப் பகல் உணவைப் பக்கத்து ஊரான லுக்குட்டுக்குப் போய்க் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

விமலாவின் வீட்டிலிருந்து இறங்கிக் காரில் உட்கார்ந்ததும் டாக்டரின் அழைப்பு வந்தது.

"யோகேன், நேத்து நீங்க அனுப்புனதப் பாத்தேன். எல்லாமே ஜீரோவா?"

"ஆமா டாக்டர். இப்ப முடிஞ்சதும் ஜீரோதான்."

"பக்கத்துத் தோட்டத்துல வீட்டுக்கு வாரம் ரெண்டு லிட்டர் வருது. நடுவுல ஒரு ஆறுதான் ஓடுது. ஆத்தத் தாண்டுனா மனுசங்க திருந்திடுறாங்களா?" அவர் குரலில் கோபமில்லை. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. மருத்துவ வண்டி எந்தெந்த இடத்துக்குப் போகணும்னு நான் லிஸ்ட் குடுக்கணும். மாசம் ஒரு தடவ ஈரல் பாக்குற டாக்டரே நேர்ல வருவாரு. எண்ணு எங்க இருக்கோ அங்கதான் வண்டி போகும். ஜீரோ போட்ட எடத்துக்கு வண்டிய அனுப்புங்கன்னு நான் எப்படிக் கேக்குறது?"

"இன்னும் ரெண்டு வீடு இருக்கு டாக்டர்."

"பாருங்க. ஜீரோன்னா அந்தத் தோட்டத்த விட்டுடுறேன்."

ஒரு கதை உண்டு. ஒரு காட்டில் குளத்து நீர் குறைந்துகொண்டே வந்ததாம். யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து வர மிருகங்கள் கூடி ஆமையை அனுப்பின. நான் மூக்கை மட்டுமே நனைத்தேன் என்றது மான். நாக்கை மட்டும் என்றது நரி. யானை யோசித்துப் பார்த்து, தும்பிக்கையின் நுனியை என்றது. ஆமை எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கூட்டிப் பார்த்து, குளம் நிறைந்துதான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சேற்றுக்குள் திரும்பிப் போனது. குளத்துக்குள்ளேயே குடியிருக்கும் ஆமையை, நீ எவ்வளவு குடித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் ஏதேனும் ஒரு நுனியைத்தான் சொல்லியிருக்கும். யோகேந்திரன் படிவங்களை முழங்காலின் மேல் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டு பதினேழாவது வீட்டுக்கு நடந்தான்.

சன்னாசியின் வீடு அது. தோட்ட எழுத்தராகிய கிராணியின் வீட்டு வேலை முதல் செம்பனைக் குலை அறுப்பது வரை எல்லாம் செய்த மனிதர். பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத் தேர்வின் முதல் நாள் அடைமழையில் பஸ் வராமல் போக, அவர்தான் தம் மோட்டார் சைக்கிளின் பின்னால் யோகேந்திரனை உட்காரவைத்து, புத்தகப்பையைத் தம் சட்டைக்குள் வைத்துப் பொத்தானிட்டுக்கொண்டு, தேர்வு மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கினார். இன்று முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கைகால்கள் குச்சியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் இருந்தன. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.

"வாப்பா, யோகேந்திரா. பெரிய ஆபீசரா வந்திருக்கியாம். எங்களையெல்லாம் எண்ணிக்கிட்டுப் போக."

"எண்ண வரல மாமா. கேட்டுட்டுப் போகத்தான்."

"நான் நல்ல புள்ளப்பா. எழுதிக்க," என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி லெட்சுமி கட்டிலின் காலடியில் நின்றாள். யோகேந்திரன் கேட்குமுன்பே, "அவருக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லப்பா. ஜீரோதான்," என்றாள். எல்லா வீட்டிலும் அதே சொல், அதே வேகம். பாடம் பண்ணிக் கொடுத்ததுபோல.

அவன் பேனாவை மூடி வைத்தான். "அத்த, நீங்க ஜீரோன்னு சொன்னா நான் ஜீரோன்னு எழுதிட்டுப் போயிருவேன். ஆனா ஒண்ணு. மாமாவோட வயித்தப் பாத்தா எனக்கே தெரியுது. மாசம் ஒரு தடவ ஈரல் டாக்டர் வர்ற வண்டி ஒண்ணு இருக்கு. குடிக்கிறவங்க இருக்கிற எடத்துக்குத்தான் அது போகும். நீங்கல்லாம் சேந்து ஜீரோ சொல்லிட்டீங்க. அது ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடும்."

லெட்சுமி கணவனைப் பார்த்தாள். அவர் தூங்கிவிட்டார், அல்லது தூங்குவதாகக் காட்டிக்கொள்ள விரும்பினார். "செரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வர ஒரு நாளு ஆகுதுப்பா. போன தடவ வழியிலேயே ரத்தமா வாந்தி எடுத்தாரு," என்றாள். பிறகு உள்ளே போய், பூப்போட்ட ஒரு கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்தாள். அதைக் கையில் பிடித்தபடியே மேசைமேல் இருந்த ஜாடியைச் சாய்த்து ஊற்றினாள். குவளையைப் பார்க்கவில்லை. அவள் பார்வை சன்னல் பக்கம் இருந்தது. தண்ணீர் கீழிருந்து மூன்றாவது பூவின் இதழைத் தொட்டதும் ஜாடி தானே நிமிர்ந்தது.

"இவ்வளவு. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு."

அவன் அதை அளவுக் குடுவையில் கவிழ்த்தான். நூற்று இருபது மில்லிலிட்டர். மூன்று நாளில் முதன்முறையாக ஒரு கட்டத்தில் ஜீரோ அல்லாத எண் விழுந்தது. அடுத்த கேள்வியைப் பழக்கத்தால் படித்தான். "எங்கேருந்து வாங்குறீங்க?"

"அத மட்டும் கேக்காதப்பா."

"பேரெல்லாம் எழுத மாட்டோம் அத்த. கடையிலயா, வீட்டுலயான்னு சொன்னாப் போதும்."

லெட்சுமி சேலைத் தலைப்பால் குவளையைத் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த குவளை அது. "போன ஞாயித்துக்கிழமை கோயில்ல கூடுனோம்ப்பா. நீதான் கேள்வி கேக்க வர்றேன்னு பக்கத்து வீட்டுத் தேவன் வந்து சொன்னான். ஒவ்வொருத்தனும் எங்க வாங்குறான்னு ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பேச்சு வந்துச்சு. குடிக்கிறேன்னு சொன்னா எங்கேன்னு கேப்ப. எங்கேன்னு சொன்னா ஒன் மொகம் என்ன ஆவும்? படிச்சு மேல போன ஒரே புள்ள நீ. ஒன் சட்டையில நாங்க சேத்த எறைக்கிறதான்னு, எல்லாரும் ஒரே வார்த்தையா இல்லன்னு சொல்லிடலாம்னு முடிவு பண்ணோம். இவருகூட ஒத்துக்கிட்டாரு."

கட்டிலிலிருந்து, கண்ணைத் திறக்காமலேயே, சன்னாசி சொன்னார்: "எத்தினி வருஷமா குடிக்கிறோம். மூணு நாளு பொய் சொல்ல மாட்டமா."

யோகேந்திரனுக்குக் காது மடல்கள் சூடேறின. பதினாறு வீட்டு முகங்களும் நினைவுக்கு வந்தன. குவளையைக் கவிழ்த்துத் தட்டிய ரவிச்சந்திரன், நடுச் சிரிப்பில் நின்றுபோன விமலா, தேநீர் கொடுத்து உபசரித்துவிட்டுச் சட்டென்று ஜீரோ என்றவர்கள். தன்னிடம் இவர்கள் மறைக்கிறார்கள் என்று மூன்று நாளாக உள்ளூர எரிச்சல்பட்டிருந்தான். தங்கள் நோயையும் வைத்தியத்தையும் சேர்த்து மறைத்து, அவன் முகத்தை அல்லவா காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தத் தயவைத் தாங்க முடியவில்லை. ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது அவனுக்குப் புதிதும் அல்ல. தெரிந்ததைத் தெரியாமல் வைத்திருக்க அவன் பதினைந்து ஆண்டு பாடுபட்டிருந்தான். இவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதைச் செய்து முடித்துவிட்டார்கள்.

மூன்றாவது லயத்தின் கடைசி வீட்டு முன்கதவு திறந்தே இருந்தது. அவன் முன்கதவால் போகாமல் பக்கவாட்டில் சுற்றிப் பின்புறம் போனான். புஷ்பவள்ளி குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து போத்தல் கழுவிக்கொண்டிருந்தாள். பூட்டியிருக்கும் அறை திறந்திருந்தது. உள்ளே பீப்பாய்களும், ஈயத் தூக்கும், ஒரு கேஸ் அடுப்பும் தெரிந்தன. அவனைக் கண்டு அவள் எதையும் மறைக்கப் பரபரக்கவில்லை. கையைக்கூட நிறுத்தவில்லை.

"ரூல்ஸ் முடிஞ்சிருச்சாப்பா?"

"லெட்சுமி அத்த சொல்லிட்டாங்க."

"சன்னாசி மாமாவுக்காகச் சொல்லியிருப்பா. நல்லதுதான்." ஒரு போத்தலைக் கவிழ்த்து வைத்தாள். "சாப்பிட்டியா?"

"நிறுத்திட்டேன்னு சொன்னீங்களேக்கா."

"சொன்னேன். அதுக்கப்பறம் எப்படிக்கா சாப்புடுறேன்னு நீ ஒரு நாளாச்சும் கேட்டியா?"

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறவனிடம் உப்பு வாங்கினாயா என்று கேட்பதுபோல் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல அவன் வாயைத் திறந்தான். தையல் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்து நின்றது. இந்த வீட்டில் தையல் எந்திரம் இருந்ததில்லை.

புஷ்பவள்ளி ஈரக் கையால் இன்னொரு முக்காலியைத் தள்ளினாள். "ஒக்காரு. அந்தத் தாளையெல்லாம் எடு. மூணு நாளா வீடு வீடா ஏறி எறங்குன. எங்கிட்ட வந்திருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். யாரு எவ்வளவுன்னு இந்தத் தோட்டத்துல எனக்குத் தெரியாம எவனுக்குத் தெரியும்?"

அவன் படிவங்களை எடுத்தான். அவள் போத்தல்களைக் கழுவிக்கொண்டே வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு வந்தாள். ரவிச்சந்திரன் நாளைக்குக் கால் போத்தல், சாமிக்கு வாங்குவது வேறு கணக்கு, அதையும் அவனே குடிப்பதால் சேர்த்து எழுது. தேவன் வாரக் கடைசியில் மட்டும் ஒரு போத்தல். அடுத்த வீட்டில் அம்மாவும் மகனும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தனித்தனியே அரை அரை. வாரத்துக்கு மொத்தம் முப்பத்தெட்டு போத்தல், தீபாவளி வாரத்தில் இரண்டு மடங்கு. அவள் குரலில் கடைக்காரியின் பெருமை ஏதும் இல்லை. பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்லும் ஆசிரியையின் களைப்புத்தான் இருந்தது. பதினாறு ஜீரோக்களையும் அவன் ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் புதிய எண்ணை எழுதினான்.

"சன்னாசி மாமாவுக்கு எவ்வளவு எழுதியிருக்க?"

"முந்நூத்தி அறுபது மில்லி. ஒரு நாளைக்கு."

"அது தப்பு. தைப்பூசத்துக்கு அப்பறம் அவரு போத்தல்ல மூணுல ஒரு பங்கு தண்ணிதான் ஊத்துறேன். அவருக்குத் தெரியாது. லெட்சுமிக்கும் தெரியாது." அவள் கை முதன்முறையாக நின்றது. "நிறுத்திட்டா பக்கத்துத் தோட்டத்துல போயி வாங்குவாரு. அங்க என்னத்தக் கலக்குறானுங்கன்னு யாருக்குத் தெரியும். எஞ்சரக்குல இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் கண்ணு போனதில்ல. ஆனா வயிறு போவுதே. அத நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவன் முந்நூற்று அறுபதை அடித்து இருநூற்று நாற்பது என்று எழுதினான்.

"எனக்கும் ஒரு வரி போடு. ஒவ்வொரு தடவ எறக்கும்போதும் நாந்தான் மொதல்ல ஒரு கரண்டி குடிச்சுப் பாக்குறேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னாத்தான் மத்தவங்களுக்கு." அவள் சற்றே தயங்கினாள். "பேரு எழுதுவியா?"

"பேரு கெடையாதுக்கா. நம்பரு மட்டுந்தான்."

"ஒரு தோட்டத்துல ஒரே வீடுதான் விக்கிதுன்னா, பேரு எதுக்குடா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்தது. "எழுதிக்க. வண்டி வரணும். போலீசு வந்தா வந்துட்டுப் போவட்டும்."

பதினெட்டாவது படிவம் அடியில் இருந்தது. 'வீடு பூட்டியிருந்தது' என்ற தன் கையெழுத்தை அவன் மறைக்கப் பார்த்தான். அவளுக்குப் படிக்கத் தெரியும், அப்பா அவளை ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியிருந்தார். அவள் படித்தாள்.

"வேற ஒரு தாளும் இருக்குக்கா," என்றான் யோகேந்திரன். "இந்த ஆய்வுல சேரும்போது குடுத்தது. இங்க எனக்கு ஒறவுக்காரங்க யாரும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒறவு இருக்குன்னா நான் எடுத்த கணக்கு எதுவும் செல்லாது. உண்மையச் சொன்னா வேற ஆளப் போட்டு எடுப்பாங்க. என்னோட வேலையும் இருக்குமான்னு தெரியல. சொல்லாம விட்டா இதே நம்பர நாளைக்கே குடுத்துடலாம். வண்டியும் வந்துடும். யாருக்கும் தெரியாது."

புஷ்பவள்ளி அடுத்த போத்தலை எடுத்துக் குழாய்க்குக் கீழே பிடித்தாள். "தெரியும்ப்பா. மொத நாளே தெரியும். வாசல்லதான் நின்னேன். வேலியப் பாத்துக்கிட்டே போன."

செம்பனை மரங்களுக்கு நடுவே குலை ஏற்றிய வண்டி ஒன்று உறுமிக்கொண்டு போனது. யாருக்கும் தெரியாது என்று சற்றுமுன் தான் சொன்னதை யோகேந்திரன் நினைத்துப் பார்த்தான். ஒரு தோட்டமே அறிந்து வாய்மூடி இருந்ததை அல்லவா அவன் யாருக்கும் தெரியாது என்றான். சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தான். அக்கா முதுகைத் திருப்பியபடியே உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது மணியிலேயே டாக்டர் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க யோகேன். அந்த ரெண்டு வீடு என்னாச்சு?"

"எண்ணு இருக்கு டாக்டர். எல்லா வீட்டுக்கும் இருக்கு. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்." கடைசிப் படிவத்தை முழங்காலின் மேல் விரித்துக்கொண்டான். "பதினெட்டாவது வீடு பூட்டியிருக்கல. அது எங்க அக்கா வீடு. எனக்கு இங்க ஒரு அக்கா இருக்காங்க. அவங்கதான் விக்கிறாங்க. அவங்கதான் என்னப் படிக்க வச்சாங்க."

அவன் தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கினான். பிறகு, "ஹலோ, யோகேன், லைன்ல இருக்கீங்களா?" என்ற குரல் மெல்லிதாகக் கேட்டது. குழாயடியில் புஷ்பவள்ளியின் கை அசையவில்லை, தலையும் திரும்பவில்லை. அவள் பிடித்திருந்த போத்தல் கழுத்துவரை நிறைந்து, வாயில் ததும்பி, விரல்களின் மேல் வழிந்தது. வழிந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் பரவி, கவிழ்த்து வைத்த போத்தல்களைச் சுற்றிக்கொண்டு, வேலிக்கு அடியில் புகுந்து மரங்களின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. குழாயை மூட இருவரில் யாரும் எழவில்லை.